முட்டைகூடச் சேர்க்காத வீட்டில் ரோஷ் ஹஷானா விருந்து: சம்பந்தி வீட்டாருக்கு என்ன சமைக்கலாம்?

கேள்வியை முதலில் ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள், முட்டைகூடத் தொடாத சைவ வீடு. தம்பிக்கு ஒரு யூதப் பெண்ணோடு நிச்சயமாகியிருக்கிறது. பெண் வீட்டாரும் உங்கள் ஆட்களுமாகப் பத்துப் பேர், ரோஷ் ஹஷானா, அதாவது யூதப் புத்தாண்டின் முதல் இரவுச் சாப்பாட்டுக்கு உங்கள் வீட்டில் கூடுகிறீர்கள். வழக்கமான சாம்பார், பாயசத்தோடு நிறுத்தாமல் அவர்களுடைய பண்டிகைச் சாப்பாட்டையே சமைத்துப் போட ஆசை. ஆனால் தேடிப் பார்த்தால் மாட்டிறைச்சி, கோழி சூப், மீன் உருண்டை என்றே வருகிறது, நாங்கள் என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியே பார்க்க இது ரெசிபி கேட்கிற கேள்வி. உள்ளே இருப்பது, வருகிறவர்கள் முன்னால் தப்பாக எதையும் செய்துவிடக் கூடாது, நம் வீட்டு வழக்கத்தையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிற கவலை. அது நியாயமான கவலைதான், அதனால் ரெசிபியை அப்புறம் பார்ப்போம்.

நான் சமையல்காரன். கேட்டரிங் படித்துவிட்டு நியூயார்க் பக்கம் கோஷர் சமையலறைகளில், அதாவது யூத மத உணவு விதிகளின்படி நடக்கும் சமையலறைகளில், பல வருடம் வேலை பார்த்தவன். யூதன் இல்லை, ரப்பி என்கிற யூத மதகுருவும் இல்லை. அடுப்பு, அளவு, சுவை பற்றி நான் சொல்வதை நம்பி இறங்கலாம். ஆனால் இது அவர்கள் வீட்டு வழக்கத்துக்கு ஒத்துவருமா என்கிற கேள்விக்குப் பெண்ணின் அம்மாவோ அப்பாவோதான் பதில் சொல்ல முடியும், ஏனென்றால் ஒரே தெருவில் இருக்கிற இரண்டு யூத வீடுகளில்கூட வழக்கம் ஒன்றாக இருக்காது.

சைவம் என்றாலே கோஷர்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்பதுதான் கோஷர் விதிகளில் வெளியாருக்கு நன்றாகத் தெரிந்தது. இறைச்சி சாப்பிட்டால் பால் பொருள் தொட ஆறு மணி நேரம் காத்திருக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு, மூன்று மணி நேரம், ஒரு மணி நேரம் என்ற வழக்கங்களும் உண்டு. உங்கள் சமையலில் இறைச்சியே கிடையாது என்பதால் வெண்ணெய், தயிர், பன்னீர் என்று எதையும் தாராளமாகப் போடலாம், இது உண்மையிலேயே பெரிய சௌகரியம். மீதிப் பாதி எங்கே இடிக்கிறது என்றால், பாத்திரத்தில், பூச்சியில், அடுப்பைப் பற்றவைத்த கையில். நான் வேலை பார்த்த இடத்தில் காலையில் எல்லா அடுப்பையும் ஏற்றிவைப்பவர் மஷ்கியாக் என்கிற யூத மேற்பார்வையாளர்தான், நாங்கள் யாரும் தொட மாட்டோம். காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்து, அலசி, அந்தத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்து விளக்குப் பெட்டியின் மேல் விரித்துப் பார்ப்பார். கடுகில் பாதிகூட இல்லாத ஒரு பூச்சி தெரிந்தாலும் அந்தத் தட்டு முழுக்கத் திரும்பவும் கழுவப் போகும். கீரை, லெட்டூஸ், பிரக்கோலி எல்லாவற்றுக்கும் இதே கதி. நம் ஊர்ப் பாக்கெட்டில் இருக்கிற பச்சைப் புள்ளி இவற்றில் எதையும் சொல்வதில்லை, அதனால் பச்சைப் புள்ளியைக் காட்டி இது கோஷர் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆகவே முதல் வேலை சமையல் இல்லை, ஒரு போன். கூச்சப்படாமல் நேராகக் கேளுங்கள்: "நாங்கள் வீட்டில் சமைத்துப் போட ஆசைப்படுகிறோம், எங்கள் வீட்டில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் சமைத்ததே இல்லை, நீங்கள் கோஷர் எந்த அளவுக்குப் பார்ப்பீர்கள்?" பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை, அல்லது பன்றி மட்டும் சாப்பிட மாட்டோம் என்றால் எந்தத் தடையும் இல்லை. வீட்டில் கோஷர், வெளியில் சைவம் மட்டும் சாப்பிடுவோம் என்றால், அமெரிக்காவில் இது ரொம்பச் சகஜம், உங்கள் சமையலறை அவர்களுக்கு வரம் மாதிரி. பாக்கெட் சாமான்களில் மட்டும் வட்டத்துக்குள் யு போட்டது மாதிரியான கோஷர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சீஸ் வாங்கினால் கட்டாயம் பாருங்கள். கெட்டி சீஸ்களை உறைய வைக்கும் ரென்னட் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், அது உங்களுக்கும் ஆகாது. மூன்றாவது, நாங்கள் கோஷர் சமையலறையில் சமைத்ததை மட்டும்தான் சாப்பிடுவோம் என்ற பதில். அப்படியென்றால் நீங்கள் எவ்வளவு சுத்தமாகச் சமைத்தாலும் அவர்கள் சாப்பிட முடியாது, கோஷர் கேட்டரரிடம் சீல் வைத்த சைவச் சாப்பாடு வாங்கி, புதுப் பேப்பர் தட்டில் பரிமாற வேண்டியதுதான். இதில் மனம் கோணத் தேவையில்லை. மடி பார்த்த பாட்டி வெளி இடத்தில் கை நனைக்காமல் வாழைப்பழத்தோடு எழுந்து வருவாளே, அந்த மாதிரிதான். அன்று மாலை காரில் வந்து இரவு காரில் திரும்பப் போகிறவர்கள் என்றால் அவ்வளவு கண்டிப்பானவர்களாக இருக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் கண்டிப்பாக அனுசரிப்பவர்கள் பண்டிகை நாளில் வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் இது ஊகம்தான், போனைத் தவிர்க்க இது காரணமாகாது.

இன்னொரு விஷயம், இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ரோஷ் ஹஷானா அமாவாசையை ஒட்டித் தொடங்கும், நவராத்திரியும் அப்படியே. 2022, 2024, 2025 மூன்று வருடமும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தொடங்கின. 2023 மாதிரி சில வருடங்களில் ஒரு மாதம் தள்ளிப் போகும். சேர்ந்து வருகிற வருடத்தில் உங்கள் வீட்டில் கொலு இருக்கும், சுண்டல் இருக்கும், சமைத்ததை முதலில் சாமிக்குக் காட்டிவிட்டுத்தான் பரிமாறுவோம். அங்கேதான் கவனம் வேண்டும். வேறு தெய்வத்துக்குப் படைத்த உணவு யூத மதச் சட்டப்படி விலக்கு, இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கோஷர் எதுவும் பார்க்காத ஆள்கூட நைவேத்தியம் என்று தெரிந்தால் தயங்கலாம். கொலுவை மறைக்க வேண்டாம், அது உங்கள் வீடு. சாமிக்கு வைப்பதைத் தனியாகச் சிறிய அளவில் செய்துகொள்ளுங்கள், விருந்துக்குச் சமைத்ததைப் படைக்க வேண்டாம், கேட்டால் அதையே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். விஷயம் தெரிந்து செய்திருக்கிறீர்கள் என்று அவர்கள் மனதில் நிற்கும்.

இப்போது முட்டை. ஐரோப்பிய யூதச் சமையலிலிருந்து, அஷ்கெனாசி என்பார்கள், இறைச்சியை எடுத்துவிட்டால் பாதிதான் குறையும், முட்டையையும் எடுத்தால்தான் ஆட்டம் காணும். புளிக்காத ரொட்டியின் தூளில் உருட்டும் மாட்ஸோ உருண்டை சூப், கூகெல் என்கிற சுட்ட நூடுல்ஸ் பண்டம், ஸ்பாஞ்ச் கேக் எல்லாம் முட்டையில்தான் நிற்கின்றன. ஆளிவிதை ஊறவைத்துப் போடு, ஆப்பிள் கூழ் போடு என்று ஆயிரம் யோசனை கிடைக்கும். மாட்ஸோ உருண்டைக்கு இது எதுவும் சரிவராது, சூப்பில் கரைந்து கஞ்சியாகும், அல்லது கல்லாகும். அவர்கள் பாட்டி கையால் சாப்பிட்டு வளர்ந்த பண்டத்தை அரைகுறையாகச் செய்து அவர்கள் முன்னாலேயே வைப்பது வேண்டாத வேலை. உருளைக்கிழங்கு லாட்கேயை மட்டும் முட்டையில்லாமல் ஒப்பேற்றலாம், துருவிப் பிழிந்த தண்ணீரின் அடியில் தங்கும் வெள்ளை மாவைத் திரும்பச் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது ஹனுக்கா பண்டம், இந்தப் பண்டிகைக்குத் தேவையில்லை. அதே போல மாட்டிறைச்சி பிரிஸ்கெட்டுக்குப் பதில் பலாக்காய், கோழிக்குப் பதில் சோயா என்று போலி செய்வதும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிறப்பிலேயே சைவமான யூதப் பண்டங்கள் இவ்வளவு இருக்கும்போது வேஷம் எதற்கு? நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் பால் உணவகங்கள் என்றே ஒரு வகை இருந்தது, இறைச்சியே கிடையாது. 1905ல் தொடங்கிய ராட்னர்ஸ் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஓடியது. அதற்கும் மேலே, வில்னாவில், இன்றைய லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில், ஃபான்யா லெவாண்டோ என்ற பெண்மணி சைவ உணவகமே நடத்தி, 1938ல் ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் நானூறு ரெசிபிகளோடு ஒரு சைவச் சமையல் புத்தகம் போட்டார். ஆகவே சைவ யூத விருந்து என்பது நீங்கள் இட்டுக்கட்டுகிற சமாச்சாரம் இல்லை.

ரோஷ் ஹஷானாவைப் பொறுத்தவரை உங்களுக்கு அதிர்ஷ்டம்தான் (பெசாக் பண்டிகையைக் கேட்டிருந்தால் கோதுமை ரொட்டி கிடையாது, பல வீடுகளில் அரிசி பருப்பும் கிடையாது, நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்). இந்த இரவின் உயிர் நாடி பிரிஸ்கெட் இல்லை, சாப்பாட்டுக்கு முன்னால் வைக்கும் சிமானிம் என்கிற அடையாள உணவுகள். ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவது எல்லோருக்கும் தெரிந்தது. அதைத் தவிர யூதர்களின் பழைய மதச் சட்ட நூலான டால்முடிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது: பூசணி வகை, ஒரு விதை அல்லது பயறு, வெங்காயத் தாள் போன்ற லீக், பீட் கீரை, பேரீச்சம்பழம். ஒவ்வொன்றுக்கும் அதன் பெயரை ஒட்டி ஒரு வேண்டுதல் உண்டு, அதைச் சொல்லிவிட்டு ஒரு வாய் சாப்பிடுவார்கள். அந்த விதை எது என்பதில்தான் நமக்குச் சுவாரஸ்யம். டால்முடுக்கு உரை எழுதிய ராஷி அது வெந்தயம் என்கிறார், ஸ்பெயின், மத்தியக் கிழக்கு வழி வந்த செஃபார்டி, மிஸ்ராஹி வீடுகள் பலவற்றில் தட்டைப்பயறு வைக்கிறார்கள். உங்கள் அலமாரியில் இரண்டுமே இருக்கும். மாதுளையும் சேரும், அதன் முத்துகள் 613, யூத வேதமான தோராவின் கட்டளைகளும் 613 என்பது ஐதீகம், எண்ணிப் பார்க்காதீர்கள். மீன் தலை வைக்கும் வழக்கமும் உண்டு, வாலாக இல்லாமல் தலையாக இருப்போம் என்று அதற்கு வேண்டுதல். சைவ யூதர்கள் அந்த இடத்தில் ஒரு முழு முட்டைக்கோஸையோ லெட்டூஸையோ, ஒரு பூண்டையோ வைக்கிறார்கள், நீங்களும் அதையே செய்யலாம்.

இதற்கு ஒரு பெரிய தாம்பாளம் எடுங்கள். நடுவில் தேன் கிண்ணம், சுற்றி ஆப்பிள் துண்டுகள் (முன்கூட்டியே வெட்டினால் கறுக்கும், விருந்தாளிகள் வந்த பிறகு வெட்டுங்கள்), மாதுளை முத்து, கொட்டை எடுத்த பேரீச்சை, அடுப்பில் சுட்டு வில்லையாக நறுக்கிய பீட்ரூட், வெண்ணெயில் வதக்கிய லீக், ஆவியில் வெந்த மஞ்சள் பூசணி, அப்புறம் தட்டைப்பயறு. பயறைக் குழையாமல் வேகவைத்து, தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை மட்டும் தாளித்து, துருவிய தேங்காய் போட்டுச் சுண்டலாகவே வைத்துவிடுங்கள் என்பேன். அவர்கள் பண்டிகையின் பொருள், உங்கள் கைப்பக்குவம், இரண்டும் ஒரே கிண்ணத்தில் வந்துவிடும். லீக்கின் மடல்களுக்கு இடையில் மண் ஒளிந்திருக்கும், நீளவாக்கில் பிளந்து குழாய்த் தண்ணீரில் விரித்துக் கழுவினால்தான் போகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் சித்திரைப் புத்தாண்டில் மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவையும் போட்டு எல்லாச் சுவையும் வாழ்க்கையில் உண்டு என்போம். ரோஷ் ஹஷானா அதற்கு நேர் எதிர், வருடம் இனிப்பாக மட்டும் தொடங்கட்டும் என்பதுதான் அதன் கணக்கு. வினிகர், கடும் புளிப்பு, கசப்பு இவற்றை அந்த இரவில் பல வீடுகளில் தவிர்ப்பார்கள். புளி ரசம், எலுமிச்சைச் சாதம், பாகற்காய், ஊறுகாய் எதுவும் மேசைக்கு வர வேண்டாம். அஷ்கெனாசி வீடுகள் சிலவற்றில் கொட்டை வகைகளும் கிடையாது, குறிப்பாக வால்நட். எல்லோரும் பார்ப்பதில்லை, ஆனால் எதற்கு வம்பு, முந்திரியைக்கூட அன்றைக்கு விட்டுவிடுங்கள். காளானும் வால்நட்டும் அரைத்துச் செய்யும் போலி ஈரல் என்ற பண்டம் சைவ யூத ரெசிபிகளில் முதலில் வந்து நிற்கும். இந்தக் காரணத்தால் அதையும் நான் சேர்க்கவில்லை.

ஹல்லா ரொட்டி இந்தப் பண்டிகைக்கு மட்டும் பின்னலாக இல்லாமல் வட்டமாக இருக்கும், உப்புக்குப் பதில் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கடை ஹல்லாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. ஆனால் முட்டையில்லாத தண்ணீர் ஹல்லா என்று ஒன்று கோஷர் பேக்கரிகளில் கிடைக்கும், செஃபார்டி வழக்கத்தில் அதுதான் முறையான ரொட்டி, ஆகவே இது மட்டம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். வீட்டில் செய்வதென்றால் ஒரு ரொட்டிக்கு அரைக் கிலோ ரொட்டி மாவு, 270 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 60 மில்லி எண்ணெய், மூன்று மேசைக்கரண்டி தேன், ஏழு கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. முட்டையின் நிறத்துக்கு ஒரே ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், அதற்கு மேல் போனால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, இரட்டிப்பாகும்வரை விட்டு, நீளமாக உருட்டி நத்தை ஓடு போலச் சுற்றி, திரும்ப முக்கால் மணி நேரம் உப்பவிட்டு, 180 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம். மேலே முட்டைக்குப் பதில் தேன் கலந்த தண்ணீரை, எடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் தடவுங்கள், முன்பே தடவினால் கருகும். பால், வெண்ணெய் மட்டும் மாவில் வேண்டாம். மற்ற பதார்த்தங்களில் பால் இருந்தாலும் ரொட்டியில் பால் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் விதி, மறந்துபோய் யாராவது இறைச்சியோடு சாப்பிட்டுவிடுவார்கள் என்பதற்காக. வீட்டில் இரண்டு ரொட்டி வைப்பது முறை, அதனால் அளவை இரட்டிப்பாக்குங்கள்.

முக்கிய உணவாக நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது மொராக்கோ யூதர்களின் ஏழு காய் கூஸ்கூஸ், கூஸ்கூஸ் என்றால் ரவை மாதிரியான கோதுமை மணிகள். ரோஷ் ஹஷானாவுக்கு அவர்கள் வழக்கமாகச் செய்வது, முட்டை கிடையாது, பால்கூடத் தேவையில்லை, பெரிய தட்டில் குவித்து நடுவில் வைத்தால் விருந்துக் களையும் வந்துவிடும். பத்துப் பேருக்கு இரண்டு கப் கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் வேகவையுங்கள், அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், அதுதான் குழம்புக்குச் சாரம். அகலமான பெரிய பாத்திரத்தில் எண்ணெய் விட்டு இரண்டு வெங்காயம், ஒரு பட்டை, அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒன்றரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, ஒரு தேக்கரண்டி மிளகுப் பொடி, இருந்தால் கொஞ்சம் குங்குமப்பூ. கடுகு, பெருங்காயம், சீரகத் தாளிப்பு வேண்டாம், கை தானாகப் போகும், அடக்கிக்கொள்ளுங்கள். கடலைத் தண்ணீரை ஊற்றி, போதாததற்கு வெறும் தண்ணீர் சேர்த்து, கேரட்டையும் டர்னிப்பையும் விரல் நீளத்துக்கு முழுசு முழுசாகப் போட்டு இருபது நிமிடம். அடுத்து முட்டைக்கோஸ் பெரிய துண்டங்களாக. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் சுக்கினி, சர்க்கரைவள்ளி, மேலே தோலோடு மஞ்சள் பூசணி, கடலையையும் அப்போதே சேர்க்கலாம். பூசணி போட்ட பிறகு கரண்டி போட்டுக் கிளறினால் எல்லாம் கூட்டாகிவிடும், பாத்திரத்தைக் காதில் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். காய்களின் எண்ணிக்கை ஏழு வர வேண்டும், வெங்காயத்தையும் கடலையையும் எண்ணுவதா கூடாதா என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை உண்டு.

தனியாக இன்னொரு சட்டியில் நான்கைந்து பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, எண்ணெயில் மிதமான தீயில் முக்கால் மணி நேரம் வதக்குங்கள். நன்றாகச் சுருங்கிப் பொன்னிறத்தைத் தாண்டும்போது ஒரு பிடி உலர்திராட்சை, ஒரு தேக்கரண்டி பட்டைப் பொடி, இரண்டு மேசைக்கரண்டி தேன், உப்பு. இதற்கு த்ஃபாயா என்று பெயர், கூஸ்கூஸின் மேல் மகுடமாக வைப்பது. அவசரப்பட்டால் வெங்காயம் ஓரத்தில் கருகி நடுவில் பச்சையாக நிற்கும், வேறு வேலையோடு சேர்த்துச் செய்கிற காரியமில்லை இது. கூஸ்கூஸ் 700 கிராம் போதும். கடையில் கிடைப்பது முன்பே ஆவியில் வெந்து உலர்ந்ததுதான், அதே கப் அளவுக்குக் கொதிக்கும் உப்புத் தண்ணீர் ஊற்றி மூடி, ஏழு நிமிடம் கழித்து முள்கரண்டியால் உதிர்த்து, இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிசறினால் ஆயிற்று. குழம்பை ஒரு கிண்ணத்தில் தனியாக வையுங்கள். உங்கள் பக்கத்து மாமாக்கள் இதில் காரமே இல்லையே என்று கட்டாயம் முனகுவார்கள், அவர்களுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது.

பெண் வீட்டார் போலந்து, ரஷ்யா வழி வந்தவர்கள் என்றால், அமெரிக்க யூதர்களில் பெரும்பாலோர் அப்படித்தான், இந்தக் கூஸ்கூஸ் அவர்களுக்கும் புதுசாகவே இருக்கும். அதில் தவறில்லை, ஆனால் அவர்கள் வீட்டு வாசனை ஒன்றாவது மேசையில் இருப்பது நல்லது. அதற்கு சிம்மஸ் வையுங்கள். ஒரு கிலோ கேரட்டைக் காசு காசாக நறுக்கி (நாணயம் போல இருப்பதால் செல்வம் பெருகும் என்பார்கள்), அரைக் கிலோ சர்க்கரைவள்ளி, ஒரு கப் கொட்டையெடுத்த உலர் பிளம், ஒரு கப் ஆரஞ்சுச் சாறு, மூன்று மேசைக்கரண்டி தேன், கொஞ்சம் வெண்ணெய், பட்டை, உப்பு எல்லாம் ஒன்றாகப் போட்டு மூடி வேகவைத்து, கடைசியில் திறந்து பளபளவென்று சுண்டவிட வேண்டியதுதான். முதல் நாளே செய்து வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். சூப் வேண்டும் என்றால் லீக்கும் உருளைக்கிழங்கும் போதும், சிமானிம் பட்டியலில் இருப்பதால் பொருத்தமாகவும் அமையும். இதற்கு மேல் பதார்த்தம் கூட்ட வேண்டாம். தாம்பாளம், ரொட்டி, சூப் முடியும்போதே பாதி வயிறு நிறைந்திருக்கும்.

இனிப்புக்கு லேகாக் என்கிற தேன் கேக். இது முட்டையில்லாமல் நன்றாக வரும், ஏனென்றால் தேன் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, உப்புவதற்கு சோடா போதும். 280 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், பட்டை, கிராம்பு, சுக்குப் பொடி ஒரு பக்கம். 200 கிராம் தேன், 80 கிராம் நாட்டுச் சர்க்கரை, 100 மில்லி எண்ணெய், 150 கிராம் தயிர், 75 மில்லி கெட்டி டிகாக்ஷன் மறு பக்கம். காபி நான் நுழைத்ததில்லை, பழைய ரெசிபிகளிலேயே உண்டு. கலந்து உடனே 160 டிகிரியில் வையுங்கள், தேன் இருப்பதால் சூடு கூடினால் ஓரம் கறுக்கும். ஐம்பது நிமிடத்தில் குச்சி விட்டுப் பாருங்கள், உங்கள் அடுப்பைப் பொறுத்துப் பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகும். இரண்டு நாள் முன்னாலேயே செய்து சுற்றி வைத்துவிட்டால்தான் இதன் முழு ருசி வரும்.

ஆசையிருந்தால் மலிதாவும் செய்யுங்கள். மும்பை, கொங்கண் பக்கத்து பெனே இஸ்ரேல் யூதர்கள் எலியா தீர்க்கதரிசியை நினைத்து நன்றி சொல்லப் படைக்கிற பண்டம். அவலை நனைத்து, தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், உலர்திராட்சை சேர்த்துப் பழங்களோடு வைப்பார்கள். முந்திரி, பாதாமும் போடுவது உண்டு, அன்றைக்கு வேண்டாம். இது ரோஷ் ஹஷானாவுக்கென்று உள்ளது அல்ல, கல்யாணத்தை ஒட்டியும் நல்ல காரியங்களுக்கும் செய்வது. நிச்சயமான வீட்டில் அது பொருந்தாமல் போகாது, இந்தியாவிலும் பழைய யூத சமூகங்கள் உண்டு என்று பேச்சுக்கும் வழி பிறக்கும். அமெரிக்க யூதர்களில் இது தெரியாதவர்களே அதிகம்.

மேசையில் வரிசை இப்படிப் போகும்: விளக்கேற்றுதல், ஒயின் கோப்பையோடு கித்தூஷ் என்கிற ஆசிமொழி, கை கழுவுதல், ரொட்டி, அப்புறம் ஆப்பிளும் மற்ற சிமானிமும், பிறகுதான் சாப்பாடு. சில வீடுகளில் ஆப்பிள் முன்னே பின்னே வரும். இதையெல்லாம் அவர்களே நடத்தட்டும், நீங்கள் "ஷனா தோவா" என்று வாழ்த்திவிட்டு உடன் உட்கார்ந்தால் போதும். உங்கள் வீட்டில் ஒயின் புழங்காது என்றால் கோஷர் திராட்சைச் சாறும் கித்தூஷுக்குச் செல்லும். ஒயின் என்றால் மெவுஷால் என்று குறித்ததைக் கேட்டு வாங்குங்கள், சூடுபடுத்தப்பட்டது, யார் ஊற்றினாலும் தோஷமில்லை. மற்ற கோஷர் ஒயினை யூதரல்லாதவர் திறந்து ஊற்றினால் கண்டிப்பானவர்கள் குடிக்க மாட்டார்கள். எதுவானாலும் பாட்டிலை அவர்கள் கையில் கொடுத்துவிடுவது உத்தமம்.

கடைசியாக, போன் பேசும்போது அவர்கள் நிச்சயம் "நாங்கள் என்ன கொண்டு வரட்டும்?" என்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று நம் ஊர் மரியாதையில் சொல்லிவிடாதீர்கள், சொன்னாலும் கையோடு ஏதாவது வரும், அது மீன் உருண்டையாகவோ முட்டை போட்ட கூகெலாகவோ இருக்கலாம். கோஷர் கணக்கில் மீன் இறைச்சியில் சேராது, பால் சாப்பாட்டோடு மீன் பரிமாறுவது பல வீடுகளில் இயல்பு, சைவம் என்று நீங்கள் சொன்னதை அப்படிப் புரிந்துகொண்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. மீனும் முட்டையும் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் ஹல்லா இரண்டும் ஒயினும் நீங்களே வாங்கி வாருங்கள் என்று கேளுங்கள். ரொட்டி பிசைகிற வேலையும் மிச்சம், எந்த பேக்கரி, எந்த முத்திரை என்கிற கவலையும் மிச்சம். அவர்கள் வீட்டில் என்ன வழக்கம் என்று நான் மேலே போகிறபோக்கில் விட்ட கேள்விகளுக்கெல்லாம் அந்தப் பேச்சிலேயே பதில் வந்துவிடும். வந்த பிறகும் ஏதாவது இடித்தால் இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.